கண் காணாக் கொலை

போர் என்னும் சொல் செவியில் விழுந்தவுடன் நம் மனத்தில் எழுவன யாவை? கொடி, முரசு, பாய்ச்சல், வெற்றி, மார்பில் பதக்கம் அணிந்து ஊர் திரும்பும் வீரன் ஆகிய இவையே. பள்ளிப் புத்தகமும் திரைப்படமும் மேடைப் பேச்சும் இக்காட்சிகளையே நமக்கு ஓயாமல் காட்டி வந்துள்ளன. போர்முனைக்குச் சென்ற மனிதன் காலையில் எப்பொழுது எழுந்தான், எதை உண்டான், எங்கே உறங்கினான், பகல் முழுதும் எந்த வேலையைச் செய்தான் என்று கேட்பவர் மிகச் சிலர். இவை அற்பச் செய்திகள் என்பது பலருடைய எண்ணம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. போரைப் பற்றிய பெரியதோர் அறக்கேள்விக்கு விடை இந்த அற்பச் செய்திகளுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது என்பது நம் துணிபு.

அக்கேள்வி இதுதான்: ஒருவன் தான் கொல்லும் மனிதனைக் கண்ணால் காணாவிட்டால், அக்கொலையில் அவனுக்குள்ள பொறுப்பு குறைந்துவிடுமா? ஒரு கொலையை நூறு கைகள் பங்கிட்டுச் செய்தால், ஒவ்வொரு கையிலும் நூற்றில் ஒரு பங்கு கறைதான் படியுமா? நேருக்கு நேர் வாளெடுத்து நின்ற காலத்தில் இக்கேள்வி எழவில்லை. எந்திரமும் தொழிற்சாலையும் பெருகிய காலத்தில்தான் அது எழுந்தது. எனவே, அக்காலத்தின் முதற் பெரும் போரான 1914 முதல் 1918 வரை நடந்த ஐரோப்பிய மகாயுத்தத்தையே சான்றாகக் கொள்வோம். அங்கே பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காலாட்படையினரும் பீரங்கிப் படையினரும் ஒரே சேற்றில் அருகருகே வாழ்ந்தனர். முன்னவர் எதிரியின் முகத்துக்கு அருகில் இருந்தனர்; பின்னவர் அவனை ஒரு நாளும் காணாமலே அவன்மேல் குண்டு பொழிந்தனர். இவ்விருவரையும் ஒப்பிட்டால் நம் கேள்வி தெளிவுபெறும்.

முதலில் காலாட்படை வீரனைக் காண்போம். சுவிட்சர்லாந்தின் எல்லை தொடங்கி வடகடல் வரை ஏறத்தாழ 450 மைல் தூரத்துக்கு இருதரப்பாரும் பதுங்குகுழிகளை வெட்டி எதிரெதிரே இருந்தனர். இடையிலிருந்த யாருக்கும் உரிமையில்லா நிலம் சிலவிடங்களில் ஐம்பது கெஜ அகலங்கூட இல்லை. பிரிட்டிஷ் வீரனுடைய நாள் விடியற்காலைக்கு முன்பே தொடங்கும். நம் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அதுபோலவே அங்கும் இருளிலேயே எல்லாரும் எழுந்து, துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகி, குழியின் சுவரோரமாக அணிவகுத்து நிற்பர். எதிரி தாக்குவதற்கு ஏற்ற வேளை அதுவேயாகும். பொழுது விடிந்து தாக்குதல் இல்லை என்று தெரிந்தபின் ஆளுக்கு ஒரு சிறு அளவு ரம் கிடைக்கும். பிறகு துப்பாக்கியைத் துடைக்க வேண்டும், அதிகாரி பார்வையிடுவார், அதன்பின் காலை உணவு.

உணவு என்பது டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, பல்லை உடைக்கும் கெட்டிப் பிஸ்கோத்து, கொஞ்சம் பழப்பாகு, தேநீர் ஆகியவை. தண்ணீரைப் பழைய பெட்ரோல் டின்களில் சுமந்து வந்தமையால் தேநீரிலும் பெட்ரோல் வாடை வீசிற்று. பகலில் தலையை உயர்த்தினால் சுடப்படுவான். ஆகவே பகலில் இயன்றபோது உறங்குவதும், உடையின் மடிப்புகளில் மொய்த்த சீலைப்பேன்களைக் கொல்லுவதும், கடிதம் எழுதுவதும் அவனுக்குத் தொழில். சேற்று நீரில் இடைவிடாமல் நின்றமையால் பாதங்கள் வெளுத்து, வீங்கி, அழுகும் நோய் பரவியது. 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இதற்கு ஆளாயினர். அதன்பின் காலுறையை நாள்தோறும் மாற்றவேண்டும், திமிங்கில எண்ணெயைப் பாதத்தில் தேய்க்கவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இருவர் இருவராக அமர்ந்து ஒருவன் காலை மற்றவன் தேய்த்துவிடுவதும் உண்டு.

இரவு வந்தால்தான் உண்மையான வேலை தொடங்கும். இடிந்த குழிச் சுவரைக் கட்டுதல், மணல் மூட்டை நிரப்புதல், முள்கம்பி அடித்தல், உணவையும் தண்ணீரையும் பின்னணியிலிருந்து சுமந்து வருதல், பிணம் புதைத்தல் ஆகியவை இருளிலேயே நடந்தன. முன்னணியில் சில நாள், துணைக் குழியில் சில நாள், பின்னணியில் சில நாள் என்று முறைமாற்றி அனுப்புவார்கள். பின்னணியில் இருப்பதற்கு ஓய்வு என்று பெயர்; அங்கும் பாதை போடுவதும் மூட்டை இறக்குவதுமே பணி. உடைமையும் ஆயுதமுமாக 60 ராத்தல் சுமையைத் தாங்கி நடந்த இவ்வீரன், துப்பாக்கி பிடித்த நேரத்தைவிட மண்வெட்டி பிடித்த நேரம் மிக அதிகம். சுருங்கச் சொன்னால், அவன் சீருடை அணிந்த கூலியாளாகவே பெரும்பான்மை நேரமும் வாழ்ந்தான்.

வீட்டுக்கு எழுதும் கடிதத்தையும் அவனுடைய அதிகாரி படித்துத் தணிக்கை செய்வார். எழுத நேரமில்லாதவனுக்கு அச்சிட்ட அட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. நலமாயிருக்கிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன் என்பன போன்ற வாக்கியங்கள் அதில் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமும் தேதியும் இடவேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை கிழித்தெறியப்படும். மனிதனுடைய துயரமும் அன்பும் படிவத்தின் கட்டங்களுக்குள் அடைபட்டு வீடு சென்றன.

இனிப் பீரங்கிக்காரனைக் காண்போம். பிரிட்டிஷ் படையில் மிகுதியாகப் பயன்பட்ட பீரங்கியை, அது வீசும் குண்டின் எடையைக் கொண்டு பதினெட்டு ராத்தல் பீரங்கி என்று அழைத்தனர். ஆறு குதிரைகள் அதை இழுத்துச் செல்லும். ஏறத்தாழ 6,500 கெஜம் வரை குண்டை வீசக்கூடியது. மேற்குப் போர்முனையில் மட்டும் இவ்வகைப் பீரங்கிகள் போர் முடியுமுன் சுட்ட குண்டுகள் 10 கோடிக்கு அருகில் வரும். அதைச் சூழ்ந்து நின்றவர்களைப் பெயரால் அழைப்பதில்லை, எண்ணால் அழைப்பர். ஒருவன் பின்கதவைத் திறந்து மூடுவான். ஒருவன் குறிநோக்கியைச் சரிபார்ப்பான். ஒருவன் குண்டை உள்ளே தள்ளுவான். ஒருவன் குண்டின் மூக்கிலுள்ள வளையத்தைக் குறித்த எண்ணுக்குத் திருப்பி, அது எத்தனை விநாடியில் வெடிக்கவேண்டும் என்பதை அமைப்பான். சிதறுகுண்டாயின் அதனுள் ஏறத்தாழ 375 ஈய உருண்டைகள் இருக்கும்.

இவர்களுள் எவனும் தன் குண்டு விழும் இடத்தைக் காண்பதில்லை. பீரங்கி ஒரு மேட்டுக்குப் பின்னாலோ தோப்பின் மறைவிலோ இருக்கும். முன்னணிக் குழியில் பதுங்கியுள்ள நோக்குநர் ஒருவர் தொலைபேசியில் எண்களைச் சொல்லுவார், அவ்வெண்களுக்கு ஏற்பப் பீரங்கியின் வாய் சற்று உயரும், சற்றுத் திரும்பும், அவ்வளவே. போர் நீண்டபோது அந்த நோக்குநரும் பலவேளை தேவைப்படவில்லை. எதிரிப் பீரங்கியின் ஒலி பல ஒலிவாங்கிகளை எந்தெந்தக் கணத்தில் அடைகிறது என்று அளந்து, அதன் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறை உருவாயிற்று. இதனைச் செம்மைப்படுத்தியவர் வில்லியம் லாரன்ஸ் பிராக் என்னும் அறிஞர். படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1915-இல் தம் 25-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றவர் அவர். அதே ஆண்டில் பீரங்கிப் படையில் இருந்த அவருடைய தம்பி கலிப்போலியில் போரில் இறந்தார். அறிவும் துயரமும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

பீரங்கிக்காரன் கொடியவனோ? இல்லை. அவன் நாளில் பெரும்பகுதி குதிரைக்குத் தீனி வைப்பதிலும், சேணம் துடைப்பதிலும், சேற்றில் புதைந்த சக்கரத்தை விடுவிப்பதிலும், குண்டுகளைச் சுமப்பதிலும் கழிந்தது. தன் குதிரை இறந்தபோது அழுதவர் அவர்களுள் பலர். பீரங்கி முழக்கத்தால் செவிப்புலன் இழந்தோர் பலர். எதிரிப் பீரங்கிகள் இவர்களைத் தேடித்தேடிச் சுட்டன. 1917 ஜூலையில் ஈப்பர் அருகே முதன்முதலாக வந்த கடுகுவாயு பீரங்கி அணிகளையும் பெரிதும் வாட்டியது. இவன் உழைப்பாளி, கடமை தவறாதவன், தோழர்பால் அன்புள்ளவன். நம் கேள்வியைக் கடினமாக்குவதும் இதுவே. தீயவன் செய்த கொலையைக் கண்டிப்பது எளிது. நல்லவர் பலர் கூடித் தத்தம் சிறு வேலையை ஒழுங்காகச் செய்ததனால் விளைந்த கொலையை என்னென்பது?

விளைவு சிறிதன்று. பிரிட்டிஷ் படையினர் அடைந்த காயங்களுள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்த அரசாங்க மருத்துவக் கணக்கின்படி, நூற்றுக்கு 58-க்கு மேற்பட்டவை பீரங்கி முதலியவற்றின் குண்டுகளால் ஏற்பட்டவை. துப்பாக்கி ரவையால் ஏறத்தாழ 39. நேருக்கு நேர் பாய்ந்து குத்தும் ஈட்டியால் நூற்றுக்கு அரைகூட இல்லை. ஓவியர்கள் தீட்டிய போர் ஈட்டிப் போர்; உண்மையில் நடந்த போரோ கண் காணாத போர். 1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம் சோம் நதிக்கரையில் ஏறத்தாழ 1,500 பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. எதிரி முற்றும் அழிந்தான் என்று நம்பி ஜூலை 1-ஆம் தேதி காலாட்படையினர் குழியை விட்டு ஏறினர். முள்கம்பி பலவிடங்களில் அறுபடவில்லை. ஆழ்ந்த நிலவறைகளில் பதுங்கியிருந்த ஜெர்மானியர் எந்திரத் துப்பாக்கிகளுடன் மேலே வந்தனர். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர் 19,240. காயமுற்றோர் முதலியவரையும் சேர்த்தால் 57,470. காணாமல் எறிந்த குண்டு, தான் யாரைக் கொன்றது என்பதையும் எறிந்தவனுக்குச் சொல்லவில்லை. யாரைக் கொல்லாது விட்டது என்பதையும் சொல்லவில்லை.

நம் பழந்தமிழ்ப் புறப்பாட்டு மரபில் மார்பில் ஏற்ற புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டது. முதுகில் பட்ட புண் இழிவெனப்பட்டது. அவ்வளவுகோல் சரியோ தவறோ, அதற்கு ஓர் அடிப்படை இருந்தது. எதிரே ஒருவன் நிற்கிறான். நீ அவனை நோக்கினாயா, திரும்பினாயா என்பதே அதன் கேள்வி. வானிலிருந்து விழும் குண்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீரனும் கோழையும் தேநீர் காய்ச்சுபவனும் உறங்குபவனும் அதற்கு ஒன்றே. வீரம் என்ற பெயரால் போரை உயர்த்திப் பேசுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். அளப்பதற்கு எதிரே முகமே இல்லாதவிடத்தில் எதைக் கொண்டு வீரத்தை அளப்பது?

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். நெருங்கி வாழ்ந்த காலாட்படையினர் இடையே வியப்பான ஒரு நிகழ்ச்சி நடந்தது. போர்முனையின் பல பகுதிகளில், யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே, இருதரப்பாரும் ஒருவரையொருவர் வாழவிட்டனர். காலை உணவு வேளையில் சுடுவதில்லை. உணவு சுமந்து வரும் பாதையைத் தாக்குவதில்லை. சுட்டே தீரவேண்டுமாயின் நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே இடத்தைச் சுடுவது. அவ்வேளையில் அவ்விடத்தில் எவரும் இரார். டோனி ஆஷ்வொர்த் என்னும் ஆங்கிலச் சமூகவியலாளர் வீரர்களின் குறிப்புகளைத் திரட்டி 1980-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக நிறுவியுள்ளார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் பிளாண்டர்ஸ் பகுதியில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் குழிகளை விட்டு வெளிவந்து கைகுலுக்கி, புகையிலையும் பொத்தான்களும் மாற்றிக்கொண்டு, இடையில் கிடந்த பிணங்களைப் புதைத்த செய்தி உலகறிந்தது. மேலதிகாரிகள் இதனை விரும்பவில்லை. அடுத்த ஆண்டு இப்படி நேராதபடி கண்டிப்பான உத்தரவுகள் பிறந்தன. இரவுநேரத் திடீர்த் தாக்குதல்களை அடிக்கடி நடத்துமாறும் ஏவினர்.

காலாட்படையினருக்கு இக்கருணை எங்கிருந்து வந்தது? அவர்கள் பிறவியிலேயே பீரங்கிக்காரரைவிட நல்லவர்களா? இல்லை. எதிர்க்குழியிலிருந்து பன்றி இறைச்சி பொரிக்கும் மணம் வந்தது, இருமல் ஒலி வந்தது, பாட்டொலி வந்தது. தம்மைக் கடிக்கும் பேன் அவனையும் கடிக்கிறது. தம் குழியில் ஏறும் நீர் அவன் குழியிலும் ஏறுகிறது என்று அவர்கள் அறிந்தனர். தாம் சுட்டால் அவன் சுடுவான் என்னும் அச்சமும் அதில் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சமும் அறிவும் சேர்ந்து பிறப்பித்த அவ்விரக்கம், மூன்று மைல் பின்னாலிருந்த பீரங்கி அணிக்கு எளிதில் எட்டவில்லை. ஆகவேதான் காலாட்படையினர், தம் குழிக்கு வரும் பீரங்கி நோக்குநரை விருந்தினர்போல் உபசரித்தனர். அவருக்குத் தேநீர் தந்து, வீணாகச் சுட்டு அமைதியைக் குலைக்கவேண்டாம் என்று குறிப்பாக உணர்த்தினர். குழியில் வந்து தங்கிய நோக்குநர் இவ்வேண்டுதலின் பொருளை உணர்வார். தொலைபேசியின் மறுமுனையில் எண்களை மட்டும் கேட்பவன் எப்படி உணர்வான்?

ஆகவே, கண்ணால் கண்டால் போதும், கொலை நின்றுவிடும் என்று முடிவுகட்டலாமா? அதுவும் போதாது. இக்காலத்தில் ஆளில்லா விமானங்களை ஓட்டுவோர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அமர்ந்து, திரையில் மனிதர் நடமாடுவதைத் தெளிவாகக் காண்கின்றனர், குண்டும் வீசுகின்றனர். காட்சி உண்டு, ஆயினும் கொலை நிற்கவில்லை. ஜெர்மானியக் காலாட்படையில் இருந்து 1917-இல் குண்டுச் சிதறல்களால் காயமுற்ற எரிக் மரியா ரெமார்க், 'மேற்குப் போர்முனையில் யாவும் அமைதி' என்ற தம் நாவலில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். அதில் வரும் இளைஞன் குண்டுப் பள்ளத்தில் விழுந்த பிரெஞ்சுக்காரன் ஒருவனைக் குத்துகிறான். குத்தியபோதே அவனைக் கண்டான். ஆனால் அவன் உள்ளம் முழுதும் உடைந்தது பிறகுதான். இறந்தவனுடைய பையைத் திறந்து, அவன் பெயரையும், அச்சுக்கோக்கும் அவன் தொழிலையும், மனைவி மகளுடைய படத்தையும் பார்த்தபோது அவன் கலங்கினான். 1933-இல் நாஜிகள் இந்நூலை எரித்ததில் வியப்பில்லை. காண்பது வேறு, ஒருவனை மனிதன் என அறிவது வேறு. அவன் பெயர், தொழில், உணவு, நோய் ஆகியவற்றை அறியும்போதுதான் அறிவு நெஞ்சைத் தொடுகிறது.

இப்பொழுது பொறுப்பைப் பற்றிய மூன்று சமாதானங்களை ஆராய்வோம். முதலாவது, நான் காணவில்லை என்பது. காணாமை பொறுப்பைக் குறைப்பதில்லை. உறுத்தலை மட்டுமே குறைக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே நம் காலத்தின் பெரும் பிழை. கிணற்றில் நஞ்சைக் கலந்துவிட்டு ஊரை விட்டு ஓடியவன், நீர் குடித்து இறந்தவர்களைக் காணாமையால் குற்றமற்றவன் ஆவானோ?

இரண்டாவது, என் பங்கு சிறிது என்பது. கடனைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்திலொன்று. கொலையைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கொலை. வளையத்தைத் திருப்பிய விரல் இல்லாமல் குண்டு உரிய கணத்தில் வெடியாது. எண்ணைச் சொன்ன நாக்கு இல்லாமல் அது உரிய இடத்தில் விழாது. குண்டைச் செய்த கைகளையும் மறத்தல் ஆகாது. பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் மஞ்சள் படிந்த தோலுடன் உழைத்தனர். 1918 ஜூலை 1-இல் சில்வெல் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் அவ்வாறு உழைத்த ஆண்பெண் தொழிலாளர் 134 பேர் மாண்டனர். வயிற்றுக்காக உழைத்தவர் அவர்கள், இரங்கத்தக்கவர். எனினும் அவர்கள் நிரப்பிய குண்டு எங்கோ ஒரு தாயின் மகன்மேல் விழுந்தது. மலாயா நாட்டுச் சமஸ்தானங்களின் அரசாங்கம் ஏறத்தாழ 30 லட்சம் பவுன் கொடுத்துக் கட்டுவித்த 'மலாயா' என்னும் போர்க்கப்பல், 15 அங்குல வாயுடைய எட்டுப் பீரங்கிகளுடன் 1916 மே 31-இல் ஜட்லாந்துக் கடற்போரில் சுட்டது. அப்பணம் ஈயமும் ரப்பரும் ஈட்டித்தந்த அரசாங்க வருவாய். பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் வியர்வையும் அதிலே கரைந்திருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. சங்கிலி எவ்வளவு நீளமானது என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

மூன்றாவது, எனக்கு உத்தரவு என்பது. இதில் உண்மை உண்டு. பிரிட்டனில் 1916 முதல் கட்டாயப் படைச்சேர்க்கை வந்தது. போர்முனையை விட்டு ஓடியதற்காகவும் அதைப்போன்ற குற்றங்களுக்காகவும் தம் படையினராலேயே சுடப்பட்டு இறந்தோருள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. பின்னால் துப்பாக்கி நீட்டப்பட்டவனிடம், நீ ஏன் மறுக்கவில்லை என்று பாதுகாப்பான நாற்காலியில் அமர்ந்து கேட்பது அறமாகாது. பயனை எண்ணாது பணியைச் செய்வதே உயர்வு என்று நமக்கும் பலகாலும் போதிக்கப்பட்டுள்ளது. அப்போதனை பீரங்கியடியில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். பயனை எண்ணாத பணியாளரே கொலைக்கு மிகச் சிறந்த கருவி ஆயினர்.

அப்படியாயின் பொறுப்பை எதைக் கொண்டு அளப்பது? மறுக்கும் உரிமை எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு என்பது நம் முடிவு. சிப்பாய்க்கு அது மிகக் குறைவு. படைத்தலைவனுக்கு அதிகம். அமைச்சனுக்கு அதனினும் அதிகம். போரை முழங்கி விற்பனையைப் பெருக்கிய பத்திரிகைக்கும், குண்டு விற்று லாபம் பங்கிட்டவனுக்கும், வீட்டிலிருந்து கைதட்டிய பொதுமக்களுக்கும் அது உண்டு. இங்கே ஒரு கொடிய உண்மையைக் காண்கிறோம். தடுக்கும் ஆற்றல் யாருக்கு மிகுதியோ, அவரே இரத்தத்துக்கு மிகத் தொலைவில் இருக்கிறார். இரத்தத்துக்கு மிக அருகில் இருப்பவனோ, எதையும் தடுக்கும் ஆற்றல் அற்றவன்.

ஒருவருடைய வரலாறு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்கப் பீரங்கி அணியொன்றின் தலைவராகப் பிரான்சில் இருந்த ஹாரி ட்ரூமன், 1918 நவம்பர் 11-ஆம் தேதி, பதினொரு மணிக்குப் போர் நிற்கப்போகிறது என்பதை அறிந்தும், உத்தரவுப்படி 10.45 வரை சுட்டார். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவரே குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாமீதும் 9-இல் நாகசாகிமீதும் அணுகுண்டு விழுந்தது. மலாயாவில் அன்று பலர் மகிழ்ந்தனர். சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்ட காலம் அது. ஜப்பானிய ஆட்சி முடிந்ததற்கு மகிழ்ந்தவரை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும் அக்குண்டு விழுந்தது நம்மவரை வதைத்த அதிகாரிகளின் தலையில் மட்டுமன்று. பள்ளிக்குச் சென்ற சிறுவர்மீதும், சமையல் செய்த பெண்கள்மீதும் விழுந்தது. நமக்கு நன்மை விளைந்தது என்பதனால் அவர்களுடைய சாவு கணக்கிலிருந்து கழிந்துவிடாது. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ளும் துணிவே அறிவுடைமை.

பிரான்சில் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட ஒரு நினைவுச்சின்னத்தில், மேற்குப் போர்முனையில் இறந்து கல்லறை அறியப்படாத இந்தியச் சிப்பாய்களும் தொழிலாளரும் 4,700-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1932-இல் திறக்கப்பட்ட தியெப்வால் சின்னத்தில், சோம் பகுதியில் அவ்வாறு மறைந்த 72,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க வீரர்களின் பெயர்கள் உள்ளன. இவர்களுள் பலருடைய உடலைப் பீரங்கிக் குண்டு எஞ்சவிடவில்லை. பெயர் இருக்கிறது, உடல் இல்லை. அவர்களைக் கொன்றவனுக்கோ, எண் தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. இன்றும் அந்நாட்டு உழவர்கள் ஏர் ஓட்டும்போது வெடியாத குண்டுகள் ஆண்டுதோறும் மண்ணிலிருந்து மேலே வருகின்றன. எறிந்தவனும் இல்லை, எறியப்பட்டவனும் இல்லை. எறிந்த செயல் மட்டும் நூறாண்டு கடந்தும் முடியாமல் கிடக்கிறது.

அன்பர்களே! நம்மில் பெரும்பாலோர் போர்முனைக்குப் போகப்போவதில்லை. பதிவேட்டில் எண் எழுதுவதும், மரம் வெட்டுவதும், கடையில் நிறுப்பதும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுவதுமே நம் பணி. செக்ரோலில் ஒரு கோடு இழுப்பவனுக்கு அது ஒரு கோடு. அக்கோட்டுக்கு உரியவனுக்கு அது ஒரு நாள் சோறு. எண்ணுக்குப் பின்னால் மனிதன் இருக்கிறான் என்பதை மறந்தால், பீரங்கியடியில் நின்றவனுக்கும் நமக்கும் வேற்றுமை மிகச் சிறிதே. என் கை செய்யும் இவ்வேலை இறுதியில் யார்மீது விழுகிறது என்று கேட்கும் வழக்கத்தை ஒவ்வொருவரும் கைக்கொள்ளவேண்டும். மறுக்க முடியாதபோதும் கேட்கவேண்டும். கேட்பதை நிறுத்தியவனே முழுதும் கருவியாகிறான்.

இனி ஒரு நாள் செய்தித்தாளில் ஏதோ ஒரு தேசத்துப் போரில் இத்தனை பேர் மாண்டனர் என்று ஓர் எண்ணைக் காண்போம். அப்பொழுது, எந்தக் கட்சி வென்றது என்று கேட்பதற்கு முன், அவர்கள் அன்று காலை என்ன உண்டார்கள், காலில் ஈரம் உலர்ந்திருந்ததா, வீட்டுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்போமாக. அவ்வாறு எண்ணுவோர் தொகை பெருகினால்தான், இரத்தத்துக்குத் தொலைவில் அமர்ந்து உத்தரவிடுவோரின் கை சற்றேனும் தயங்கும்.